ஆறுதல் பரிசு

பீடோர் முச்சந்தியில் லாரி இடித்த அன்று மாலையே
அவர் மோட்டார் நம்பரை ஊர் வாங்கிவிட்டது.
ஏழு எட்டு மூன்று ஒன்று.
செம்பனை ஆலையில் ஷிப்ட் முடிந்தவர்கள்
எண்ணெய் வாடையோடு வரிசையில் நின்றார்களாம்.
தப்பில்லை. நானும் நின்றிருக்கிறேன்,
வேறு யாரோ விழுந்த நாளில்.

ஈப்போவில் மூளை வீங்கி
மண்டை எலும்பில் ஒரு ஜன்னல் வெட்டியிருந்தார்கள்.
டாக்டர் ஹஃபீசா தாளை நீட்டினார்:
நாலு பக்கம், கடைசியில் எனக்கென்று ஒரு கோடு.
ஆய்வுக்காக ரத்தம் வேண்டும்.
மலாயில்தான் சொன்னார், மெல்ல:
"மூளைக்குள் கம்பிகள் அறுந்தால்
துகள் ரத்தத்தில் கசியும், அக்கா.
அதை அளக்கலாம்."
ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள்,
தனபாலன் மண்டைக்குள்ளிருந்து கசிந்த எதையோ,
என்னை ஒருமுறையும் கூட்டிப்போகாத கோலாலம்பூருக்கு.

புதன்கிழமை நம்பர் வந்தது.
முதல் பரிசில்லை. ஆறுதல் பரிசு.
யாரோ வீட்டுக் கதவில் ஒரு பை ஜம்பு மாட்டியிருந்தார்கள்,
அடியில் ஐம்பது வெள்ளி.
யாரென்று கேட்கவில்லை.
பஸ் செலவுக்கு எடுத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் டாக்டரிடம் கேட்டேன்:
எங்கள் நம்பர் வந்ததா?
ஒன்றல்ல, இரண்டு என்றார்.
முதல் நாளே குதித்தது இறங்கிவிட்டதாம்.
மற்றது மெல்ல ஏறுகிற ஜாதி, இன்னும் ஏறுகிறதாம்.
எல்லோருக்கும் ஏறும்,
எவ்வளவு என்பதில்தான் இருக்கிறதாம் விஷயம்.
பேனாவை மூடினார். திறந்தார்.
"இவ்வளவு ஏறினவர்களில் பாதிக்கு மேல்
வீட்டை அடையாளம் கண்டுகொள்வதில்லை."
மிச்சப் பேர்?
"சிலர் நடக்கிறார்கள். சிலர்
தன் கையால் சோறு எடுக்கிறார்கள்."
இவர் எந்தப் பக்கம்?
"அது ரத்தத்தில் இல்லை, அக்கா."

காலையில் வாய் துடைத்துவிட்டபோது
என் விரலைக் கடித்தாரே,
அதுவும் ரத்தத்தில் இல்லை.
தானாக நடப்பது அது, யோசித்துச் செய்வதல்ல என்றாள் தாதி.
இருபத்தொரு வருஷமாக
இந்த மனுஷனின் கோபமும் அப்படித்தான்.
அவளிடம் சொல்லவில்லை. விரலை மட்டும்
நாள் முழுக்கக் கழுவாமல் வைத்திருந்தேன்.

ராத்திரி பஸ். தாப்பா தாண்டியதும்
இருட்டுக்குள் செம்பனை, வரிசை வரிசையாக,
எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.
பீடோரில் இறங்கினால்
நம்பர் கடை ஆ சியோங், ஷட்டரைப் பாதி இறக்கியபடி:
"ஆஸ்பத்திரியில் ஏதோ நம்பர் சொன்னார்களாமே?"
வெட்கப்பட்டுத்தான் கேட்டான்.
போன மாசம் இவருக்குக் கடன் கொடுத்தவன்,
இன்னும் அதைப் பற்றி வாய் திறக்காதவன்.

கையிலிருந்த பஸ் டிக்கெட்டைப் பார்த்து
கடைசி நாலு இலக்கம் சொன்னேன்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

மற்றதைச் சொல்லவில்லை.
அது விழவேண்டும்.
கடையில் அல்ல.