ஆகையால்

காலை ஒன்பது பத்து.
ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில்
காட் மீன் வெட்டும் கூடம். மாடியில் காபி அறை.
சண்டை என்று சொல்லவும் முடியாத ஒரு சண்டை.
கெட்டில் கொதிக்கிற நேரம்தான் நடந்தது.

ஸ்டெய்ன்தோர் சொன்னார்:
புதுக் கையுறை வந்து மூன்று மாதம்.
பெட்டியில் ஒரு புகார்கூட விழவில்லை.
ஆகையால் கையுறையில் குறையில்லை.
ஜோடிக்கு நாற்பது குரோனா மிச்சம் வேறு.

கொள்முதல் கணக்கு எழுதும் தோர்தீஸுக்கு
ஏதோ இடறியது.
எதுவென்று பிடிபடவில்லை.
பெட்டியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்?
வெள்ளிக்கிழமை. சாவியை எடுத்துக் காட்டினார்.
மூன்று மாதம் போதுமா?
பழைய கையுறைக்கு மூன்றே வாரத்தில்
ஏழு சீட்டு வந்ததே, மறந்துவிட்டாயா?

அவர் சொன்னது ஒவ்வொன்றும் மெய்.
எண் சரி. தேதி சரி. சாவியும் சரி.
தோர்தீஸ் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
தோற்றவளாக மேசைக்குப் போனாள்.

அவர்கள் பேசியது அவர்கள் மொழி.
அதில் அந்தச் சொல் வேறு.
தமிழில் எழுதும்போதுதான் பார்க்கிறேன்,
ஆகையால் என்பதற்குள்
ஒரு கை இருக்கிறது.
அக்குளில் கொடுத்து நம்மைத் தூக்கி
அக்கரையில் இறக்கிவிடுகிறது.
நடுவே என்ன ஓடியது என்று
குனிந்து பார்ப்பதற்குள்
கால் தரையில் இருக்கிறது.

கீழே, நான்காவது வரிசையில் தைவா.
லித்துவேனியாக்காரி. பதினோரு வருடமாய் அதே கத்தி.
இடது கட்டைவிரல் இடுக்கில் தோல் வெடித்து
உப்புநீர் இறங்குகிறது.
சொந்தக் காசில் வாங்கிய பருத்திக் கையுறையை
உள்ளே போட்டுக்கொள்கிறாள்.
பெட்டி மாடிப்படி முடியும் இடத்தில்,
கோட்டுகளுக்குப் பின்னால்.
நூலில் கட்டிய பேனா குளிரில் எழுதாது.
எழுதினாலும்
முதலில் கையுறையைக் கழற்ற வேண்டும்.
கழற்றினால் பக்கத்தில் நிற்பவள் மேல்
மீன் குவியும்.

மதியம், வேறெதையோ தேடப் போய்
தோர்தீஸ் பழைய கோப்பைப் புரட்டினாள்.
ஏழு சீட்டு.
ஏழிலும் ஒரே சாய்ந்த எழுத்து.
ஹ்ராஃப்ன்கெல்!
சூப்பில் உப்பு, வானொலியின் இரைச்சல்,
இரண்டு நிமிடம் பிந்தும் சுவர்க் கடிகாரம்,
எதையும் விடாமல் எழுதிப் போடுகிற கிழவர்.
ஜூலையில் ஓய்வு பெற்று
மகளோடு டென்மார்க் போய்விட்டார்.
கையுறை ஆகஸ்டில் வந்தது.

சாயங்காலம், வண்டி நிறுத்துமிடத்தில்,
முன்கண்ணாடியின் பனியைச் சுரண்டும்போது
அது கிடைத்தது.
காலையில் யாரும் சொல்லாத வாக்கியம்.
வலித்தால் சொல்வார்கள்.
இரண்டே சொல்.
இவ்வளவு சின்னதிலா அவ்வளவு பெரிய கட்டடம்?

ஸ்டெய்ன்தோர் அதை ஒளித்து வைக்கவில்லை.
அவருக்குக் காபி ஆறிப்போனால்
கூடம் முழுக்கத் தெரியும்.
வலித்தால் சொல்வது
அவருக்கு மூச்சு விடுவது மாதிரி.
மூச்சு விடுகிறேன் என்று
யார் வாதத்தில் சேர்ப்பார்கள்?

அவளும்தான் சேர்க்கவில்லை.
பெட்டியைக் கேட்டாள், சாவியைக் கேட்டாள்,
அதே பலகையில் நின்றுகொண்டு
அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

வலது தோள் சுரீரென்றது.
ஜனவரியிலிருந்து இப்படித்தான்.
யாரிடமும் சொன்னதில்லை.
சுரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.
மாற்றிய பிறகு
கொஞ்ச நேரம் சுரண்டாமல் நின்றாள்.

மறுநாள் காபி அறைக்குப் போகவில்லை.
ரப்பர் காலணி மாட்டி, தலையுறை மாட்டி
கீழே இறங்கினாள்.
நான்காவது வரிசை.
இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டாள்,
கை எப்படி இருக்கிறது?

தைவா நிமிர்ந்து பார்த்தாள்.
மேலாளர் அறையின் கண்ணாடியை ஒருமுறை,
இவளை ஒருமுறை.

ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது
என்றாள்,
கையுறையைக் கழற்றாமல்.

தோர்தீஸ் போகவில்லை.
மீன் வந்துகொண்டிருந்தது.