நாளைக்கு

விடிவெள்ளி மகளிர் குழு, மோர்ப்பண்ணை.
பன்னிரண்டு பேர்.
பதினோரு கையெழுத்து, ஒரு கைநாட்டு.
கைநாட்டு பூமயிலுடையது.
மனக்கணக்கில் அவளை முந்த
எங்களில் ஆளில்லை.

கடன் எதற்கு என்றார் வங்கிக்காரர்.
ஆட்டுக்கு அவர் படிவத்தில் கட்டம் இருந்தது,
தையல் மிஷினுக்கு இருந்தது.
நாங்கள் கேட்டது ஒரு ஐஸ்பெட்டி,
முந்நூறு லிட்டர்.
"உள்ளே என்ன வைப்பீங்க?"
கணவாய் என்றேன் நான்.
"ஒரு நாளை வைப்போம் சார்" என்றாள் பூமயில்.
அவருக்குப் புரியவில்லை.
எனக்கே வெளியே வந்து
பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் புரிந்தது.

பக்கத்து உப்பூரில்
வெயிலுகந்த பிள்ளையார் இருக்கிறார்.
அவருக்கு உகக்கும். கணவாய்க்கு ஆகாது.
கரையில் வெயில் ஏற ஏற விலை இறங்கும்:
ஏழு மணிக்கு இருநூற்று எண்பது,
ஒன்பதுக்கு இருநூறு,
அதற்குமேல் துரைக்கண்ணு வாயில் வருவதுதான்.
கெட்டவர் என்று சொல்லமாட்டேன்.
செண்பகத்தின் பிரசவத்துக்கு
நடுச்சாமத்தில் வண்டி அனுப்பியவர்.
அந்த வண்டிக்கு
இன்னும் கணவாய் போய்க்கொண்டிருக்கிறது.

பெட்டி வந்த மூன்றாம் நாள்
பதினான்கு மணி நேரம் கரண்ட் இல்லை.
சாக்கு போட்டோம், பாய் போட்டோம்,
ஒருத்தி கல்யாணப் போர்வையைக் கொண்டுவந்தாள்.
பதினோரு கிலோ நாறியது.
எழுதவேண்டாம் என்றாள் தலைவி.
எழுதினேன்.
இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை.
"நூற்றி அறுபது" என்றார் துரைக்கண்ணு,
எங்களைப் பார்க்காமல், போனைப் பார்த்து.
பூமயில் கூடையைத் தூக்கி
இடுப்பில் வைத்துக்கொண்டாள்.
"நாளைக்குத் தர்றேண்ணே."

நாளைக்கு என்பது
அதுவரை அவருடைய சொல்.
காசு கேட்டால்
அவர் எங்களுக்குச் சொல்வது.

மறுநாள் தொண்டியிலிருந்து
வேறொரு வண்டி வந்தது. இருநூற்று நாற்பது.
அதற்கு மறுநாள் வண்டியே வரவில்லை.
அதுவும் நடக்கும்.

ஐப்பசியில் அவருடைய ஐஸ் லாரி
திருப்பாலைக்குடி தாண்டி மழையில் படுத்துவிட்டது.
நாற்பது கிலோவோடு எங்கள் வாசலில் நின்றார்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
அங்கேயே கூட்டம் போட்டோம்.
கூடாது என்றார்கள் மூன்று பேர்.
சும்மாவே வைக்கட்டும், பாவம், என்றாள் செண்பகம்.
கிலோவுக்கு இரண்டு ரூபாய், ஒரு ராத்திரிக்கு,
என்று முடிவாயிற்று.
"முன்பணத்துல கழிச்சுக்க" என்றார் அவர்.
பூமயில் தலையாட்டினாள், இல்லை என்று.
"அது வேற கணக்கு. இது கையில."

எண்ணிக் கொடுத்தார்.
நோட்டு ஈரமாக இருந்தது.

வரவு: ரூபாய் எண்பது.
பாக்கி: பத்தொன்பது தவணை.
பெட்டியின் மூடி சரியாகப் படியவில்லை.
மேலே ஒரு கல் வைப்பதென்று
ஒருமனதாகத் தீர்மானம்.