நீலப் படங்கு

கிழமையில் ஆறு நாள்
பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில்,
வெளிர்நீலத் திரைக்கு முன்னால்
ஆட்களை உட்காரவைப்பது என் வேலை.
காது இரண்டும் தெரியணும். சிரிக்கக் கூடாது.
தோளுக்குப் பின்னால் எதுவுமே இருக்கக் கூடாது.
மலையில்லை, லயமில்லை, காயப்போட்ட துணியில்லை.
ஆளடையாள அட்டைக்கு
ஆள் மட்டும் போதும்.

ஏழாம் நாள், மழை விட்டதும்,
உரப்பையொன்றை மடித்து முழங்காலுக்குப் போட்டு
காட்டுக்குள் ஒரு புற்றடியில் குனிகிறேன்.

முந்தாநாள் இடித்த இடிக்கு முளைத்தவை.
பதினேழு.
சருகைத் தள்ளாமல் எண்ணினால் பதினேழு.
மொட்டாயிருப்பவை மூடிய குழந்தைக் கைகள்.
விரிந்தவற்றுக்கு நடுவில் ஒரு கூர்முனை.
வெள்ளையென்று சொல்ல முடியாத வெள்ளை:
வடித்த கஞ்சி ஆறியபின்
மேலே படியும் ஆடையின் நிறம்.

சருகை நான் தள்ளுவதில்லை.
குடையில் ஒட்டிய மண்ணை ஊதுவதுமில்லை.
காளானை மட்டும் தனியே பிடித்த படம்
ஒருவருக்கும் உதவாது.
எந்த மரத்தடி, என்ன மண்,
பக்கத்தில் புற்று இருந்ததா,
தண்டுக்கு அடியில் பை இருந்ததா,
இது தெரியாமல்
தின்னலாமா சாகலாமா என்று யாரும் சொல்ல இயலாது.
இதற்குப்
பின்னால் இருப்பதுதான் முகம்.

பாக்கியசீலி சொப்பிங் பேக்கோடு நிற்கிறாள்.
மேற்கணக்கில் கொழுந்தெடுப்பவள்.
இந்த இடத்தைக் கண்டுபிடித்தவள் அவள்;
ஒன்பது வருஷம் புருஷனுக்கும் சொல்லாதவள்.

"முடிஞ்சிச்சா?"
வெளிச்சம் வரட்டும் என்கிறேன்.
"வெளிச்சம் வந்தா புழுவும் வரும்."

கித்துல் மரத்துக்கும் எங்களுக்கும் இடையே
மூட்டம் ஒருமுறை புரண்டு படுத்தது.
பிறகு ஒரு கீற்று,
ஒரே ஒரு கீற்று,
ஒரு குடைக்கு அடியில் நுழைந்து
அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியது.
மூச்சைப் பிடித்தேன்.
கணுக்காலில் அட்டை ஏறுவது தெரிகிறது.
ஏறட்டும்.
போட்டோ கேட்காத அட்டை.

எடுத்ததும் அவளிடம் நீட்டினேன்.
அவள் காளானைப் பார்க்கவில்லை.
"கல்லு தெரியுது."

புற்றுக்குப் பின்னால்
மாட்டுத் தாடைபோல் பிளந்த ஒரு கல்.
அதன் தலைக்கு மேலே கோணலாய் அந்தக் கித்துல்.

"இந்தக் கல்லைக் கண்டா
லுணுகலையில உள்ளவனுக்கும் இடம் தெரிஞ்சிரும்.
அடுத்த ஐப்பசிக்கு
நமக்கு முந்தி வந்து நிப்பான்.
கல்லைக் காட்டாத."

என்னிடம் நல்ல நல்ல வார்த்தைகள் இருந்தன.
இயல்பு, உண்மை, சூழல்.
ஆறு நாளும் செய்கிற பாவத்துக்கு
ஏழாம் நாள் பரிகாரம் என்றுகூட
சொல்லியிருக்கலாம்.
அவளிடம் இருந்தது
வீட்டில் ஐந்து வாய்,
மீன் வாங்காத மூன்றாவது கிழமை.

நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து
இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்தாள்.
நீலம்.
தேயிலைச் செடிகள் உரசி உரசி
வெளிறிய நீலம்.
புற்றைச் சுற்றிப் போய்
கல்லுக்கும் காளானுக்கும் நடுவே
இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"இப்ப எடு."

சிரித்துவிட்டேன். கமரா ஆடிவிட்டது.
திரும்ப எடுத்தேன்.

பதினான்கைத் திருகிப் பறித்தாள்.
மூன்று மொட்டை விட்டாள்.
அவற்றின்மேல் சருகை அள்ளிப் போட்டாள்.
நான் தள்ளாத சருகு.

இரண்டு படமும் என்னிடம் இருக்கின்றன.
நீலத்தில் நிற்பதைக்
கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்.
ஓரங்களில் அவள் விரல்கள்,
நகக்கண் வரை கொழுந்துக் கறை.
வருகிறவர்கள் கேட்கிறார்கள்:
"இது எங்க மொளைச்சது?"
காது தெரிய உட்காருங்கள் என்கிறேன்.

அன்று மத்தியானம்
மூடி போட்ட கிண்ணத்தில் கறி வந்தது.
மிளகு கொஞ்சம் கூட.