மைனஸ் ஐந்தில் எழுப்பு

பதினான்கு நிமிடம் ஐம்பத்தொன்பது நொடி
தூங்க வேண்டும்.
மிச்சமுள்ள ஒரு நொடியில்
விழித்து, காற்றைத் தொட்டுப் பார்த்து,
ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு
மறுபடி சுருண்டுகொள்ள வேண்டும்.
அப்படித்தான் எழுதினேன் நிரலை.
இரண்டு பேட்டரி, ஐந்து வருடம்.
வாய் திறந்தால் செலவு.
காது கொடுத்தாலும் ஏறக்குறைய அதே செலவு என்பதை
முதல் மாதமே செத்துப்போன
நான்கு பெட்டிகள் சொல்லித்தந்தன.

லா பாஸிலிருந்து பேருந்தில் ஐந்து மணி நேரம்.
அந்த உயரத்தில் மூச்சு வாங்காமல் நடப்பவை
லாமாக்கள்,
அப்புறம் பாசிலியா கிஸ்பெர்ட்.
கீன்வாப் பயிருக்கு நடுவே குழாய் நட்டு
பன்னிரண்டு பெட்டிகள் கட்டினேன்.
மூன்றாம் எண்ணின் ஆண்டெனாவில்
ஒரு லாமா கழுத்தைச் சொறிந்துகொண்டது.
ஒன்பதாம் எண்ணுக்கு யாரோ
காது மூடும் கம்பளித் தொப்பி மாட்டிவிட்டார்கள்.
கழற்ற மனம் வரவில்லை.
அது சொல்வதில் இரண்டு டிகிரி பொய்
என்று கணக்கில் கழித்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஓர் இரவு அலாரம் அலறியது.
ஓடிப்போய்ப் புகை மூட்டினார்கள்.
பாதிப் பயிர் பிழைத்தது.
பாதி என்பதை அறிக்கையில்
வரைபடமாகப் போட்டால் நன்றாகத்தான் இருந்தது.

ஜூனில், பெட்டிகளை அணைத்துவிட்டு வரப் போனேன்.
"அணைக்கவா? இப்போதுதானே பனி வேணும்,"
என்றாள் பாசிலியா.
மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு.
புல்மேல் பரப்பி
மூன்று இரவு உறையவிட்டு,
வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்து,
வெயிலில் காயவைத்தால் சுன்யோ.
"பத்து வருஷம் கெடாது, ஹிமேனா.
உன் பேட்டரி?"

ஒரு வரியைத்தான் மாற்றினேன்.
'ஆபத்து' இருந்த இடத்தில்
'வா'.

அன்றிரவு எல்லாரும் விழித்திருந்தோம்.
மைனஸ் ஐந்து என்றது இரண்டாம் எண்.
மைனஸ் ஏழு என்றது பதினொன்று.
தொப்பிக்காரன் மைனஸ் மூன்று என்றான், வழக்கம்போல.
பள்ளத்தில் இருந்த ஏழாம் எண் மட்டும்
இரண்டு மணிக்குப் பிறகு பேசவேயில்லை.
குளிரில் பேட்டரி இறங்கியிருக்கும், என்றேன்.
மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"எது அதிகக் குளிரோ
அது வாயடைத்துப் போகும், அப்படித்தானே?"
பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

மறுநாள் மாலை
கிழங்கையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய்
ஏழாம் எண்ணின் காலடியில் பரப்பினார்கள்.
நான் குறிப்பேட்டில்
'எண் 7: பழுது' என்று எழுதியிருந்ததை
அடித்தேன்.
வேறென்ன எழுதுவதென்று தெரியாமல்
பேனாவை உள்ளங்கையில் வைத்துச்
சூடேற்றிக்கொண்டிருந்தேன்.