வேறு மொழியில் பேசுகிறார்

மூன்று மணிநேரம், பதினொரு நிமிடம்.
யானைகள் நாற்பது. குதிரைக்குப் பஞ்சம்,
ஒரே வெள்ளைக் குதிரை
மூன்று போரிலும் ஓடுகிறது.
தியேட்டரில் நாலு கிழமை தாக்குப்பிடித்த படம்
இனி டிவிடியாக வீடு வீடாகப் போகும்.
அதற்குத் தமிழில் கீழ்வரி எழுத
என்னைப் பிடித்தார்கள்.

ஒரு தடவைக்கு இரண்டு வரி,
வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து.
அரவும் கொம்பும் கணக்கில் சேருமா என்று கேட்டேன்.
கேட்டுச் சொல்கிறேன் என்றாள் லக்மினி.
இன்னும் சொல்லவில்லை.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே தண்டவாளம், அதைத் தாண்டினால் கடல்.
பாணந்துறைக் கோச்சி போகும்போதெல்லாம்
என் மேசையில் அரசன் நடுங்குவான்.
படத்தை நிறுத்திவிட்டு
அவன் அடங்கும்வரை தேத்தண்ணி குடிப்பேன்.

பிரதானிகள் பேசுவது சுலபம்.
காட்டிக்கொடுப்பவனுக்கு எப்போதும் சின்ன வாக்கியங்கள்.
"மாட்சிமை தங்கிய மன்னர் அவர்களே" என்றால்
பாதி வரி போய்விடுகிறது.
"மன்னவா" என்று வெட்டினேன்.
நாலாம் நாள் "மன்னவா"வையும் வெட்டினேன்.
மரியாதைக் குறைவு இல்லை.
இடம் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு மணி நாற்பத்தேழாம் நிமிடம்.
சாத்திய அறை. அரசி தலை வாருகிறாள்.
அவன் முதன்முறையாகத் தமிழ் பேசுகிறான்:
பசிக்குது. பளம் இருந்தாக் குடு.
நடிகருக்கு நாக்கு மடங்கவில்லை, பாவம்,
நல்ல மீசை.
சிங்களக் கீழ்வரியில், அடைப்புக்குறிக்குள்:
வேறு மொழியில் பேசுகிறார்.

இதற்கு நான் என்ன எழுதுவது?
"தமிழ் ஆட்களுக்குக் கேட்டாலே விளங்குமே,
வெறுமையாக விடுங்கோ" என்றாள் லக்மினி.
நியாயம்தான்.
அப்படியாக அந்த முழுப் படத்தில்
எங்கள் பேச்சு வரும் நாற்பது விநாடிக்கு மட்டும்
எங்கள் எழுத்துக்கு வேலை இல்லை.

பிறகு பிடிபடுகிறான். மலையிலிருந்து இறக்குகிறார்கள்.
கொழும்புக் கோட்டையில் ஓர் அறை,
துறைமுகத்தில் ஒரு கப்பல்.
வெள்ளைக்காரத் துரை மணிக்கூட்டைப் பார்த்து
ஏதோ இங்கிலீசில் சொல்கிறான்.
"அரை மணிநேரம். தேவையானதை எடுங்கள்."
ஒரே தடவையில் வந்த வரி அது ஒன்றுதான்.
எழுத்து எண்ணவில்லை, திருத்தவில்லை.

புறக்கோட்டை லொட்ஜில் ஒரு விடிகாலை
அதைக் கேட்டிருக்கிறேன்,
சிங்களத்தில், கீழ்வரி இல்லாமல்.
வாசலில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.
நான் எடுத்தது
அகராதி, ஈரத் துவாய், ஒற்றைச் செருப்பு.
மூன்றாம் கிழமை திரும்பி வந்துவிட்டேன்.
அவன் திரும்பவில்லை.
அவன் எதை எடுத்தான் என்றும் படம் காட்டவில்லை.
முகம்தான், கிட்டத்தில்,
கிளிசரின் அதிகம்.

கோப்பை அனுப்பும் இரவு
யாரையும் கேட்காமல்
அந்த வெறும் நாற்பது விநாடிக்குள்
ஒரேயொரு சொல்லை வைத்தேன்.
பழம்.
நாலே எழுத்து மாதிரி விரலுக்குத் தெரிந்தது,
எண்ணிப் பார்த்தால் மூன்று.

ஐந்து மாதம் கழித்து
லிபர்ட்டி பிளாசாவில் நிஸ்தாரின் கடையில்
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன்.
இலவசக் கொப்பி அனுப்புவதாகச் சொன்னவர்கள்
வேறு வேலையில் இருந்தார்கள்.
பெட்டியில் என் பெயர் இல்லை, நான் தேடவுமில்லை,
இரண்டு தரம்தான் பார்த்தேன்.
மொழியைத் தெரிவு செய்க:
சிங்களம், ஆங்கிலம், தமிள்.

தமிளை அமத்தினேன்.
கீழ்வரிகள் ஐந்து விநாடி பிந்தி வந்தன.
அரசன் கேட்ட கேள்வி மந்திரியின் வாய்க்குக் கீழே,
துரோகியின் பொய் வாசல் காவலனுக்கு.
நாற்பத்தேழாம் நிமிடத்துக்குக் காத்திருந்தேன்.
அரசி தலை வாரினாள். அவன் பளம் கேட்டான்.
அடியில் ஒன்றும் இல்லை.
காட்சி மாறியது.

லாயம். மழை.
மூன்று போருக்கும் போன அந்த வெள்ளைக் குதிரை
கமராவைப் பார்த்து நிற்கிறது.
அதன் காலடியில், மஞ்சள் எழுத்தில், தெளிவாக:
பழம்.

கோச்சி போனது.
குதிரை கொஞ்சம் நடுங்கியது.