மூச்சறை

ஓலுவில் டிசம்பர் மாதம்
பத்து மணி வரை விடியாது.
மூச்சறைக்கு வெளியே சிர்க்கா
கம்பளிக் காலுறையோடு
திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே ஏழாம் எண்.
பெயர் கேட்கக் கூடாது. ஆனாலும் தெரியும்,
அவள் தெருவில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர்.
பதினான்கு மணி நேரமாய் வெறும் தண்ணீர்.
சர்க்கரை தீர்ந்தது,
இனிக் கொழுப்புதான் எரிகிறது
என்கிறது தாழ்ந்துவரும் கோடு.

மூன்று பன்னிரண்டுக்கு
பக்கத்துக் கோடு எழும்பியது.
அவர் புரளவில்லை. இருமவில்லை.
போர்வை மட்டும் தோளருகே
விட்டு விட்டுக் குலுங்கியது.

"அந்த அரை மணியை வெட்டிவிடு,
தூங்கினால்தான் கணக்கு" என்றான் யார்க்கோ,
எலிகளின் எடைத்தாளோடு வந்தவன்,
ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்தபடி.

அவள் வெட்டவில்லை.
குறிப்புப் பத்தியில் 'விழிப்பு' என்று எழுதி,
கொஞ்சம் பொறுத்து
எதிரே போட்டாள்:
பதினோரு கிலோகலோரி கூடுதல்.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது.
ஒரு மனிதன் ராத்திரி முழுக்க
எரிந்த வெதுவெதுப்பு முகத்தில் பட்டது.
"எவ்வளவு ஆச்சு?" என்றார் அவர்,
கட்டணம் கேட்பதுபோல்.

ஓட்ஸ் கஞ்சியில்
நெறிமுறையில் இல்லாத
ஒரு கரண்டி வெண்ணெய்.