சொந்தக் காரணம்

படிவத்தில் அந்தக் கட்டம் ஓர் அங்குலம்.
'விலகுவதற்கான காரணம்' என்று மேலே அச்சு.
கீழே எல்லோரும் ஒன்றையேதான் எழுதுகிறார்கள்.

ஐந்து ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால்
நூற்றிருபது கட்டில் ஆஸ்பத்திரி.
நாலாம் மாடியில், லிஃப்ட் மெஷின் அறையை ஒட்டி
மனிதவளப் பிரிவு. அதாவது
நான், ஒரு பீரோ,
கைரேகை மெஷின் பழுதானால் எனக்கு வரும் திட்டு.
ஜன்னலில் சேர்வராயன் மலை,
மழைக்காலத்தில் பாதி மலை.

டிராயர் நிறையத் திரும்பி வந்த அடையாள அட்டைகள்.
நாடாவைச் சுருட்டி ரப்பர் போட்டு வைக்கிறேன்.
புகைப்படங்களில் எல்லோருக்கும் முதல் நாள் முகம்,
எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை.

ஆனியில் ஜெசிந்தா வந்தாள், நாகலூர்க்காரி.
கல்யாணமா?
"இல்லக்கா."
சம்பளமா?
"அங்கயும் இதேதான். முன்னூறு கூட."

நைட்டுக்கு ஆள் இல்லை, வா என்று
ராத்திரி எட்டுக்கு மேல் ஃபோன் போகும்.
அதற்குள் அவள் மலைபஸ்ஸில்
பத்தாவது வளைவு தாண்டியிருப்பாள்.
இருட்டில் இறங்கி, எதிரே வரும்
காய்கறி வண்டிக்குக் கை காட்டி.
"மாத்துறத மொதநாளே சொல்லியிருந்தா
இருந்திருப்பேன்க்கா."
எழுதியது: சொந்தக் காரணம்.

அவள் சொன்ன வரியை மேலே அனுப்பினேன்.
மேலே கூடிப் பேசி
வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள்,
'இம்மாதத்தின் சிறந்த ஊழியர்'.
கேக் வெட்டினார்கள்.
நைட் டூட்டிக்கென்று ஃபிரிட்ஜில் எடுத்து வைத்ததை
யாரோ தின்றுவிட்டார்கள்.

போகிறவர்களைவிட
இருக்கிறவர்கள் எனக்குப் பிடிபட நாளாயிற்று.
டயாலிசிஸ் சேர்வராயன், ஒன்பது வருஷம்.
'விசுவாசி' என்பார் எம்.டி., மைக் கிடைத்தால்.
'வேற எங்கே போவான்' என்பார், மைக் இல்லாதபோது.
ஒருநாள் டீ குடிக்கையில் அவனையே கேட்டேன்.

"மொத ஊசி நான் போடறப்ப
குர்ஷித் அக்கா பக்கத்துல நின்னாங்க.
எனக்குக் கை நடுங்குது.
அவங்க கைய முதுகுக்குப் பின்னாடி
கட்டிக்கிட்டாங்க மேடம்.
வாங்கிப் போட்டிருந்தா அரை நிமிஷ வேலை."

கோவையிலிருந்து வந்த அழைப்பையெல்லாம்
வேண்டாமென்று சொல்ல
அவனுக்கு அது போதுமாயிருந்தது.

குர்ஷித் பானுவின் பெயருக்குப் பக்கத்தில்
அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று இருந்தது.
இன்சார்ஜ் வேலை, இன்சார்ஜ் பதவி இல்லை.
மூன்று வருஷம் அந்த அடைப்புக்குறி கழலவில்லை.
நானும் மூன்று முறை ஃபைல் அனுப்பினேன்.
இல்லை, இரண்டு முறை.
மூன்றாவது முறை அப்ரைசல் மாதம்,
எனக்கே இன்கிரிமென்ட் வரவேண்டியிருந்தது.

தை பிறந்ததும் அவர் போனார்.
மாசி முடிவதற்குள்
அந்த ஒரே யூனிட்டிலிருந்து நான்கு அட்டைகள்.
நாலாவதில் சேர்வராயன்,
மீசை சரியாக வராத வயதின் முகம்.
பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றி
"என்ன எழுதணும் மேடம்?" என்றான்.
எனக்கு வாய் வரவில்லை.
அவனுக்கே தெரிந்திருந்தது.

படிவம் தீர்ந்துபோனது.
செவ்வாய்ப்பேட்டை அச்சகத்துக்கு
நானே வரைந்த மாதிரி ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.
சாயங்காலம் ஃபோன்.
"மேடம், காரணம்னு போட்டுட்டு
கீழ முழுப்பக்கமும் சும்மா கிடக்கு. ஏதும் விட்டுப்போச்சா?"
விட்டுப்போகவில்லை.
"கோடாவது போடட்டா?"
வேண்டாம்.
"பழைய மாதிரின்னா ஒரு தாள்ல நாலு அடிக்கலாம்.
காகிதம் வீணாகுது பாருங்க."

மலைபஸ்ஸின் விளக்கு ஒரு வளைவில் தெரிந்து
மறைந்தது. அடுத்த வளைவுக்கு நேரமாகும்.

"வழக்கம்போல ஐந்நூறுதானே?"

நூறு போதும் என்றேன்.